கை போன போக்கில்

"கண்ணை மூடுங்க. மூச்சை மெதுவா விடுங்க. யோசிக்காம, கை போற போக்குல விடுங்க" என்றார் ஓவிய ஆசிரியை.

இரண்டு மாதமாக மனைவி அழவுமில்லை, தேவைக்கு மேல் பேசவுமில்லை. இங்கேயாவது மனம் இளகாதா என்றுதான் அவன் அவளை வற்புறுத்தி அழைத்து வந்திருந்தான்.

கண் திறந்தபோது, அவள் தாளில் ஒரே இடத்தில் நீல விரல் தடங்கள் அப்பியிருந்தன.

"மழையா மேடம்?" என்றார் ஆசிரியை.

"தெரியல. எனக்கு இதெல்லாம் வராதுங்க."

"அட, என் மாட்டைப் பாரு. கழுதை நல்லாருக்குன்னு பாராட்டிட்டுப் போறாங்க" என்றான் அவன். அவள் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை" என்றார் ஆசிரியை.

இம்முறை அவன் கண்ணை மூடவில்லை. சாயம் தோய்ந்த அவள் வலக்கை தாளின்மேல் மெத்தென்று விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. இடக்கை மடியில் வளைந்து, எதையோ தாங்கிக்கொண்டிருந்தது. உதடுகள் சத்தமில்லாமல் ஏதோ முணுமுணுத்தன.

மருத்துவமனையிலிருந்து அவள் வெறுங்கையோடு திரும்புவதற்குள் தொட்டில், பால் புட்டி, சின்னச் சட்டைகள் எல்லாவற்றையும் அவன்தான் கண்ணில் படாமல் அப்புறப்படுத்தினான். இந்தக் கைகளை என்ன செய்வது?

"போதும், எல்லாரும் கண்ணைத் திறக்கலாம்" என்று ஆசிரியை கைதட்டினார்.

அவன் பதறி, உதட்டில் விரல் வைத்தான்.

"மெதுவா மேடம்... பாப்பா இன்னும் தூங்கல."