ஜன்னல் இல்லாத அறை

“ஜன்னலே வேண்டாம்மா. இந்த ரூமையே போடு” என்று மூன்றாவது முறையாகச் சொன்னார், மருமகளோடு கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்ய வந்திருந்த மாமியார். திரையில் அவர் விரல் வைத்திருந்த இடத்தைப் பார்த்ததும் புக்கிங் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

கப்பலின் இரண்டாம் தளத்தில், சாமான் ஏற்றும் லிஃப்டை ஒட்டிய அறை அது. வெளிச்சம் எட்டிப் பார்க்காது. லிஃப்டோ விடிவதற்குள் கடமுடவென்று ஆரம்பித்துவிடும். அத்தனை பெரிய கப்பலில் அதைவிட மட்டமான அறையை வலைபோட்டுத் தேடினாலும் பிடிக்க முடியாது.

அவள் அந்தப் பயண அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு மாதம். புகாரும் இரண்டு வந்துவிட்டது. “மூணாவது ஒண்ணு வந்துச்சுன்னா, நான் சொல்ற வரைக்கும் காத்திருக்காத. நீயே பையைத் தூக்கிட்டுக் கிளம்பு” என்று மேலாளர் சொல்லி ஒரு வாரம்தான் ஆகிறது. அன்றிலிருந்து எதையும் இரண்டு தடவை கேட்டு, நோட்டில் எழுதி, டிக் அடித்த பிறகுதான் அடுத்த கேள்விக்குப் போவாள்.

“அங்க சத்தம் தாங்காதும்மா. கைக்குழந்தையை வேற வச்சிருக்கீங்க.”

“இவளா? மிக்சி ஓடுறப்பவே குறட்டை விடுவா” என்றாள் மருமகள். அவள் மடியில் இருந்த எட்டு மாதக் குழந்தை மேசைமேல் இருந்த ஸ்டேப்ளரைக் குறிவைத்துக்கொண்டிருந்தது.

“ஏழு நாள் அக்கா! கடலைப் பார்க்க வேண்டாமா?”

“கடல் எங்க ஓடிப் போகுது? மேல ஏறிப் பார்த்துக்குறோம்.”

நோட்டில் அடுத்த கேள்வி. “குழந்தையோட அப்பா?”

“அவருக்கு லீவு இல்லைங்க. பத்து மாசமாவே இல்லை. நாங்க மூணு பேர்தான்.”

அவள் டிக் அடித்தாள். அதற்குள் மாமியார் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

“ரூமைப் பெருக்க எப்போ வருவாங்க?”

“காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைம்மா.”

“தினமுமா?”

“தினமும்.”

“ஆளு மாறி மாறி வருவாங்களா?”

“அதெல்லாம் இல்லை. ஒரு வரிசைக்குக் கடைசி வரைக்கும் ஒரே ஆள்தான். வேற தளத்துல வேலை பார்க்குறவங்க அங்க கால் வைக்கவே முடியாது. நீங்க பயப்படாதீங்க.”

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புக்கிங் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. தரையில் ஒரு முடி கிடந்தால் ஊரைக் கூட்டும் ரகம். மூன்றாவது புகார் அவள் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

வேறு வழி தெரியாமல் அந்த அறையையே பிடித்துவைத்தாள். “பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடுறோம்” என்று இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனார்கள்.

அவர்கள் கதவைத் தாண்டிய ஐந்தாவது நிமிடம், மேலாளர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“ஏழாவது தளத்துல யாரோ கேன்சல் பண்ணியிருக்காங்க. பால்கனி ரூம். அதே விலைக்கு மாத்திக்கலாம். எடுக்குறதுன்னா இப்பவே எடு, அடுத்த ஆபீஸ்காரன் கொத்திட்டுப் போயிடுவான்.”

“அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“பால்கனி வேணுமான்னு யாராவது கேட்பாங்களாம்மா?”

அவள் போன் அடித்தாள். எதிர் நாற்காலியில் அவர்கள் விட்டுப்போன குழந்தைப் பைக்குள்ளிருந்து மணி ஒலித்தது. வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள்; தெருவில் அவர்களைக் காணவில்லை. திரும்பி வந்தபோது, அந்த அறையை எடுக்கத் திரையில் இரண்டு நிமிடம்தான் மிச்சம் இருந்தது. புகாரே வர முடியாத அறை, வலிய வந்து கதவைத் தட்டுகிறது. நோட்டை மூடி வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல், அவள் அந்தப் பட்டனை அழுத்தினாள்.

இரண்டாம் தளத்து அறை காலி என்று பச்சையானது. அவள் மூச்சு விடுவதற்குள் அதை வேறு யாரோ எடுத்துக்கொள்ள, அதுவும் சிவப்பானது. ‘கப்பல் நிரம்பிவிட்டது’ என்றது திரை.

அவர்கள் திரும்பி வந்ததும் எழுந்தே நின்றுவிட்டாள். “அம்மா, உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்! ஏழாவது தளம், பால்கனி ரூம். கடலைப் பார்த்துக்கிட்டே காபி குடிக்கலாம். ஒரு பைசா கூடுதல் இல்லை!”

ஜெராக்ஸ் தாள்கள் மருமகளின் கையிலேயே நின்றன. “பழைய ரூம்?”

“அது அப்பவே போயிடுச்சு அக்கா.”

“திரும்ப வாங்க முடியாதா? கொஞ்சம் பாருங்களேன். யார் எடுத்தாங்களோ அவங்ககிட்ட நாங்க வேணா பேசுறோம்.”

“கப்பலே நிறைஞ்சு போச்சும்மா” என்றார் மேலாளர். “லாட்டரி அடிச்ச மாதிரி ரூம் கிடைச்சிருக்கு, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிறீங்களே!”

மாமியார் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் திட்டுவார் என்று புக்கிங் பெண் காத்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

“உன்மேல தப்பில்லைம்மா. நாங்கதான் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். கப்பல் கம்பெனிக்குத் தெரிஞ்சா அவனை வேற இடத்துக்கு மாத்திடுவாங்கன்னு பயந்துட்டோம்.”

“யாரைம்மா?”

மாமியார் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“அந்த வரிசையைப் பெருக்குறது இவளோட அப்பாதாம்மா.”