மூன்றாவது டாக்டரின் கேள்வி

லேத் பட்டறைக்காரர் சாப்பாட்டு மேசையில் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். புது எந்திரம் வாங்கும்போது போடுவாரே, அதே கட்டம்: மூன்று ஆஸ்பத்திரி, எவ்வளவு தூரம், எத்தனை நாளில் ஊசி. ஆண் ஹார்மோன் குறைந்து, ஒரு வருடமாகச் சோர்ந்து கிடந்த மனுஷன், ஊசி போட்டால் சரியாகிவிடும் என்ற உற்சாகத்தில் விடிந்ததிலிருந்து நிலைகொள்ளாமல் இருக்கிறார். ஜன்னல் வெயில் பென்சில் முனையில் மினுங்குகிறது. முதல் இரண்டு இடத்திலும் நாளைக்கே ஊசி போட்டுவிடலாம் என்றார்கள்; இரண்டுக்கும் டிக். மூன்றாவது டாக்டரம்மா இப்போது ஸ்பீக்கரில் இருக்கிறார். பக்கத்தில் மனைவி அவருடைய சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். டாக்டரம்மா சொல்கிறார்: "ஒரு ரிப்போர்ட் பத்தாது, காலையில இன்னொரு தடவ ரத்தம் பாக்கணும். அப்புறம், இந்த ஊசி போட்டா விந்தணு கொறைஞ்சிடும். குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருக்கா? இருந்தா வேற மருந்து பாக்கலாம்." கட்டத்தில் இதற்கு இடமே இல்லை. பென்சில் அந்தரத்தில் நிற்கிறது. கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. இந்தப் பேச்சு வந்தாலே இரண்டு பேரில் ஒருவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். இஸ்திரிப் பெட்டியும் காலர் மேலேயே நின்றுவிட்டது. "இருக்குன்னு சொல்லுங்க," என்கிறாள் அவள், மெதுவாக. அவர் திரும்பிப் பார்க்கிறார். அவள் முகம் சிவந்திருக்கிறது, சிரிப்பு உதட்டில் அடங்க மாட்டேன் என்கிறது. "இருக்கு டாக்டர்," என்கிறார் போனில், பட்டறையில் சத்தம் போடுகிற குரலில். "ரத்தம் குடுக்க நாளைக்கே வரட்டுமா?" துணி கருகும் வாசனை மேசைவரை வருகிறது. போனால் போகிறது, சட்டைதானே.