முதலில் வரும் கடை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ரமாபாய் டெய்லர்ஸ் கடைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். கடைக்காரர் பீம்ராவ், எதிர்க்கடை டெய்லர் சீனியம்மாள், இரண்டு கடைகளின் இணையப் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளும் மதி. நான்காவதாக ஒரு பெண் பிறகு வந்தாள். அந்தக் கடையில் தைத்தவர் மட்டும் இல்லை. பீம்ராவின் மனைவி ரமாபாய் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

சண்டையே அதைப் பற்றித்தான்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் யார் கூகுளில் 'பிளவுஸ் டெய்லர்' என்று தேடினாலும் முதலில் வருவது ரமாபாய் கடை. அதற்குக் கீழேதான் சீனியம்மாள் கடை. முதலில் இருப்பதைத் தொட்டுவிட்டால், கீழே இருப்பதை யார் பார்க்கிறார்கள்? கடன் வாங்கி இன்னொரு மிஷின் போட்ட சீனியம்மாள், அதன் முன்னால் ஆள் வராமல் உட்கார்ந்திருந்தாள்.

மதியும் அவளுக்காக முடிந்ததெல்லாம் செய்து பார்த்தாள். தைத்த ஜாக்கெட்டுகளைப் படம் எடுத்துப் போட்டாள். வாடிக்கைப் பெண்களிடம் நாலு நல்ல வார்த்தை எழுதி வாங்கினாள். எங்கேயோ கிடந்த கடை இரண்டாம் இடத்துக்கு வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. ரமாபாயின் கையைப் பற்றிப் பல வருடமாகப் பெண்கள் எழுதி வைத்திருந்ததைத் தாண்ட முடியவில்லை. போதாததற்கு, பீம்ராவ் தினமும் கடையைத் திறந்தார். போன் வந்தால் எடுத்தார்.

ஒரே வழிதான் உண்டு என்றாள் மதி. தன் கடைப் பக்கத்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று போட பீம்ராவ் சம்மதிக்க வேண்டும். அப்புறம் கொஞ்ச நாளில் சீனியம்மாள்தான் முதலில்.

அதைக் கேட்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

"இன்னாண்ணா நியாயம் இது?" என்றாள் சீனியம்மாள். "தைக்கிற ஆளே இல்ல. தேடிகினு வர்றவங்களுக்கு நீ இன்னா, இட்லியா சுட்டுத் தரப்போற?"

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பீம்ராவ். அதிகம் பேசமாட்டார். சுவரோரம் இருந்த அலமாரியைக் காட்டினார்.

ரமாபாய் எந்தத் துணியிலும் பெயர் எழுதியதில்லையாம். அளவு ஜாக்கெட்டை விரித்துப் பார்த்தாலே இது இன்னார் உடையது என்று சொல்லிவிடுவாளாம். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. அலமாரி நிறைய ஊரார் துணி. யாருடையது எது என்று பீம்ராவுக்குத் தெரியவில்லை. சாவு நடந்த வீட்டில் போய் ஜாக்கெட்டைக் கேட்பதா என்று கூசி, தூரத்துப் பெண்கள் பலர் வராமலே இருந்துவிட்டார்கள்.

"அவங்களா தேடிகினு வந்தாத்தாம்மா உண்டு," என்றார் பீம்ராவ். "மூடிட்டாங்கன்னு போட்டா, போனா போவுதுன்னு வுட்டுடுவாங்க."

"இன்னும் எத்தினி கீது?"

"ரெண்டு."

அப்போதுதான் அந்த நான்காவது பெண் வந்தாள். எண்ணூரிலிருந்து வருவதாகவும், பெயர் ஹெப்சிபா என்றும் சொன்னாள். கடை திறந்திருப்பதாகப் போன் காட்டியதாம். துக்க வீட்டில் எப்படிக் கேட்பது என்று இத்தனை நாள் தயங்கினாளாம். அலமாரியில் இருந்த சிவப்புப் பட்டு ஜாக்கெட்டைப் பார்த்ததும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பீம்ராவ் கூலி வாங்க மறுத்துவிட்டார். அடுத்த ஜாக்கெட்டை எதிர்க்கடையில் கொடு, இந்தம்மா கை நல்ல கை என்று சொல்லி அனுப்பினார்.

சீனியம்மாளின் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் வந்த காரியத்தை விடவில்லை.

"இனிமே ஒண்ணுதானண்ணா? அது யாருதுன்னு நானே சொல்றேன். இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க அளவு எனக்குத் தெரியாதா? இன்னிக்கே குடுத்துட்டு, இன்னிக்கே மூடிடலாம்."

சொல்லிக்கொண்டே அதை எடுத்து விரித்தாள். வெள்ளை ஜாக்கெட். கையில் நீலக் கரை. ஒரு தடவைகூடப் போடாதது. தோளைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கினாள். இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் இறக்கி வெட்டப்பட்டிருந்தது.

தூக்கிய கையை அவள் கொஞ்ச நேரம் இறக்கவில்லை.

"யாருதுன்னு தெரிதாம்மா?" என்றார் பீம்ராவ், தெருவைப் பார்த்தபடி.

சீனியம்மாள் அதைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"தெரிலண்ணா. எந்த ஊரோ. வர்றப்ப வரட்டும்."

படியிறங்கியதும் மதி கேட்டாள்: "அப்ப அந்தக் கூகுள் பக்கத்த இன்னாக்கா பண்றது?"

"அது பாட்டுக்கு மேலயே இருக்கட்டும். நீ கைய வெச்சுடாத."

"அப்ப உங்க யாவாரம்?"

"நான் ரெண்டாவதாவே இருந்துக்கறேன்."

மதிக்குப் புரியவில்லை. இவ்வளவு நேரம் சண்டை போட்டவள் ஒரு ஜாக்கெட்டைப் பார்த்து இப்படி மாறுவானேன்? அதன் சொந்தக்காரி வந்து வாங்கிப் போகிற வரைக்கும்தானே என்று கேட்டாள்.

"அவ வரமாட்டா." சீனியம்மாள் சாலையைக் கடக்காமல் நின்றாள். "இடது தோளு எறங்கின பொம்பள இந்தத் தெருவுல ஒருத்திதான். புத்த பௌர்ணமிக்குப் போடணும்னு தெச்சு, எங்கிட்டதான் மொதல்ல காட்டினா. அது ரமாபாயோடது."

"அங்கிளுக்குத் தெரியாதா?"

"தெரியாமயா தெனமும் கடையத் தொறந்து வெச்சு வாசலப் பாத்துகினு கீறாரு?"

மறுநாள் காலையும் பீம்ராவ் கடையைத் திறந்தார். கூகுளில் ரமாபாய் முதலில், சீனியம்மாள் அதற்கடுத்து. அலமாரியில் மிச்சம், ஒன்று.