கதவில்லாத அலுமாரி

"அன்ரி, இவ்வளவு வடிவான ஹோல்ல இந்த அலுமாரிக்கு மட்டும் ஏன் கதவு இல்ல?"

சண்டை ஓய்ந்த இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம் அது. மட்டக்களப்புப் புளியந்தீவில் ஒலிவ் அன்ரியின் வீட்டு யன்னல்களைத் திருத்த வந்திருந்த தச்சர் யோகராசாவின் ஐந்து வயது மகள் தனுஷியாதான் கேட்டாள்.

"அதுக்கும் வேர்க்கும்தானே மகள்!"

"பகிடி விடாதீங்க அன்ரி."

ஒலிவ் சிரிப்பை நிறுத்தினார். "சுனாமி அண்டைக்கு ஒராள் நனைஞ்ச கைப்பிள்ளையோட வாசலுக்கு வந்தார். பால் காய்ச்சக் காஞ்ச விறகில்ல. கதவைக் கொத்தி எரிச்சன். அந்தப் பிள்ளை பிழைச்சுதோ தெரியாது. தினமும் செபிக்கிறன். அது தெரியாம புதுக்கதவு போட மனம் வரல்ல."

யோகராசா குனிந்து யன்னலுக்கு ஆணி அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒலிவ் பூசைக்குப் போயிருந்த நேரம், யாருமில்லாத வீட்டில் யோகராசா அலுமாரிக்குத் தேக்கங்கதவுகளைப் பொருத்திவிட்டுப் போனார். உட்பக்கத்தில் சின்னதாகச் செதுக்கியிருந்தார்: "அந்தப் பிள்ளை தனுஷியாதான்."