ஓசிப் பயணம்

"இன்னிக்கும் பால் காலி!" துடைப்பத்தோடு சமையலறையிலிருந்து வந்தாள் மனைவி. "பத்து நாளா விரட்டுறேன், ஜன்னல் வழியா வந்துடுது. குடிச்சிட்டு மகாராணி இப்ப உங்க மடியில வேற ஏறிட்டா. நீங்களும் பேசாம உக்காந்திருக்கீங்க!"

நாற்காலியில் இருந்த கணவர் பூனையை முறைத்துப் பார்த்தார்.

"முப்பது வருஷம் பஸ் கண்டக்டரா இருந்து, ஊரையே அதட்டினவரு. ஒரு தெருப்பூனைய அதட்ட முடியலையா?"

அவள் துடைப்பத்தை ஓங்கினாள். பூனை அசையாமல், அவர் தொடையில் நகத்தைப் பதித்துக்கொண்டது.

"எறங்கு!" என்றார் அவர்.

துடைப்பம் கீழே விழுந்தது. பூனை மிரண்டு ஜன்னலுக்குத் தாவியது. அவள் ஓடிப்போய் மகளுக்குப் போன் போட்டாள்.

"அடியே, அப்பா பேசிட்டாருடி! பக்கவாதம் வந்து எட்டு மாசமா ஒரு வார்த்தை வரலையே! எப்பவும் போல சண்டை போடுங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்களேன்னு, நானும் தினம் வம்புக்கு இழுத்துப் பாத்தேன். எங்கிட்ட வாயத் திறக்காத மனுஷன், பூனைய 'எறங்கு'ன்னு அதட்டுறாருடி!"

போனை வைத்ததும், புதுப் பால் பாக்கெட்டை வெட்டிக் கிண்ணத்தில் ஊற்றினாள். பூனை திரும்பி வந்து குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அதை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"இனிமே இதுதான்டி உன் வீடு. ஏறு!" என்று அவர் மடியிலேயே உட்காரவைத்தாள்.

அவர் பூனையைப் பார்த்தார். கையை அதன் முன்னால் நீட்டினார்.

"டிக்... கெட்?"