லிங்கேஸ்வரனின் சட்டை

ரத்தம் காய்ந்து விறைத்திருந்த சட்டையின் கையைச் சுருளியாண்டி தன் விரல்களில் சுற்றிக்கொண்டார். அரைத்த ஆட்டீரலைக் கேழ்வரகுக் கூழில் பிசைந்து, துணியை அதில் தோய்த்து, நாய்க்குட்டியின் வாயருகே நீட்டினார்.

குட்டி தும்மியது. பிறகு துணியோடு சேர்த்துச் சப்பியது. இன்னொன்று தட்டுக்குள்ளேயே இறங்கி நின்று நக்கியது.

"நல்லா மோந்துக்கிடட்டும்யா," என்றான் மகன் தங்கப்பாண்டி. "லோயர் கேம்ப் வாய்க்கா கரையில அவன் கழுத்துக்குத்தான் வீசுனேன். தோள்ல பட்டுருச்சு. சட்டை எங் கைக்கு வந்துச்சு, தலைதான் வரல."

மகள் அனுசுயா சொல்லாமல் போய் லிங்கேஸ்வரனைக் கட்டிக்கொண்டு ஒரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து சுருளியாண்டி சொந்த ஊரான ஜெயமங்கலத்தில் எந்த விசேஷத்துக்கும் போய் உட்கார்ந்ததில்லை.

வெட்டு தப்பிய மறுநாளே திரும்பப் போகத் துடித்த மகனைக் குலசாமி மேல் சத்தியம் வாங்கித்தான் நிறுத்தியிருந்தார். "குட்டிக வளர்ற வரைக்கும் அருவாளத் தொடாத. மிச்சத்த அதுக பாத்துக்கிடும்."

கோம்பை இன நாய் பிடித்தால் விடாது. சுருளியாண்டி வீட்டுக் குட்டிகள் விலைக்குப் போனதுமில்லை. உறவுக்குள் மட்டுமே கொடுப்பார்கள்.

தின்னாமல் ஒதுங்கிய குட்டியைத் தங்கப்பாண்டி பிடரியைப் பிடித்துத் தூக்கி, முகத்தை ஈரலில் அழுத்தினான். "தின்னுலே. கறின்னா என்னன்னு தெரிய வேணாமா?"

குட்டி வீறிட்டது. மூலையில் கிடந்த தாய்நாய் செவலை ஒரே பாய்ச்சலில் அவன் முன்கையைக் கவ்வி உலுக்கியது. வயிற்றில் உதைத்தான், விடவில்லை. சதை கிழிந்து, ரத்தம் கூழ்த் தட்டில் சொட்டியது.

"விடு," என்றார் சுருளியாண்டி, குரலை உயர்த்தாமல்.

செவலை விட்டது. அவர் முழங்காலடியில் வந்து படுத்துக்கொண்டது.

"ரெண்டு வருசமா நானுந்தான் இதுக்குச் சோறு போடுறேன்." கையைப் பொத்திக்கொண்டு பல்லைக் கடித்தான். "உங்கள மட்டும் ஒரு நாளும் கடிக்க மாட்டேங்குது."

"பால் மறக்கையில ஊட்டுனது நான்."

மூன்று வாரத்தில் குட்டிகள் பாலை மறந்தன. எலும்பைக் கடித்து இழுத்தன. சட்டையை எடுத்தாலே வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தன.

ஒரு காலை, இரண்டு கடுவன் குட்டிகளைச் சட்டையோடு கூடையில் வைத்து மனைவி அன்னத்தாயிடம் கொடுத்தார். அவள் கம்பம் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

கட்டுப்போட்ட கையோடு தங்கப்பாண்டி வாசலை மறித்தான். "ஆத்தா எங்கனய்யா கொண்டு போறாக?"

சுருளியாண்டி அவன் பக்கம் திரும்பவில்லை. மனைவியிடம்தான் சொன்னார்.

"மாப்பிள்ளை கையில குடு. இவன் வந்தா அவுத்துவிடச் சொல்லு."