மேலே போகும் குண்டு

செல்லூரில் ஜலாலின் ரிப்பேர் கடைக்குள் துளசிராம் பிளாஸ்டிக் குண்டுத் துப்பாக்கியோடு ஓடிவந்தார்.

“ஜலால் அண்ணே, குண்டு எம்புட்டோ மேல போகுது. நாளைக்குப் பொருட்காட்சி ஆரம்பம். சரி பண்ணலேன்னா என் பொழப்பு போச்சு!”

ஜலால் ஒரு தீப்பெட்டியைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு எழும்பி எங்கோ இருக்கும் எழுமலை ஊருக்கே போய்விட்டது.

“குண்டைச் சுழட்டிவிடுற ரப்பர் ரொம்ப அழுத்துது தம்பி. அதான் குண்டு அதிகமாச் சுழண்டு மேல ஏறுது.”

ரப்பரை அழுத்தும் திருகாணியைத் தளர்த்தித் தளர்த்திச் சுட்டுப் பார்த்தார். கடைசியில் தீப்பெட்டி பறந்தது.

“இனிமே கொசுவோட மீசையக்கூட அடிக்கலாம்!”

துளசிராம் தலையில் கைவைத்தார்.

“கெடுத்தீங்களே அண்ணே! நான் பலூன் சுடுற கடை போடுறேன். பலூன் உடைஞ்சா பரிசு குடுக்கணும். குண்டு உரசாம ஒரு நூல் தள்ளிப் போனாத்தானே, சுட வர்றவங்க ‘இன்னொரு தடவை’ன்னு துப்பாக்கியக் கீழ வைக்காம நிப்பாங்க!”